வாய்க்கொழுப்பு என்றொரு குற்றம்

(கஹவத்தையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சுரிமை பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். கொழும்பில் ஒரு மண்டபத்தில் இந்தத் தலைப்பைத் தந்திருந்தால் பத்திரிகைத் தணிக்கையிலிருந்து தொடங்கியிருப்பேன். கஹவத்தையில் அப்படித் தொடங்கினால் அது பிறத்தியார் வீட்டுக் கதையாகிவிடும். நமக்குத் தொடக்கம், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களம். அங்கே வாய் திறப்பது எப்படிக் குற்றமாயிற்று என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

1865-ஆம் ஆண்டு இலங்கையில் வேலை ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு சட்டம் வந்தது. அந்த வருடத்தின் 11-ஆம் இலக்கச் சட்டம். வேலைக்கு வந்தவன் என்னென்ன செய்தால் மறியலுக்குப் போவான் என்று அதில் ஒரு வரிசை இருக்கிறது. குடித்துவிட்டு வருவது, வேண்டுமென்றே சொல் கேளாமல் இருப்பது, வேலையில் பெரிய அசட்டை. இவற்றோடு சேர்த்து இன்னொன்றும் இருந்தது: துடுக்குத்தனம். லயத்துப் பேச்சில் சொன்னால் வாய்க்கொழுப்பு. இதற்கு மூன்று மாதம் வரை மறியல், கூலியும் பறிபோகும். எது துடுக்கு, எது நியாயமான கேள்வி என்று சட்டம் விளக்கவில்லை. அதைத் துரை பார்த்துக்கொள்வார். துரை கங்காணியைக் கேட்பார். பெயர் போடாத அரை நாளுக்குக் கணக்குக் கேட்டவனும் துடுக்கன்தான். 1920-களின் தொடக்கத்தில்தான் இந்த மறியல் தண்டனை சட்டப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதாவது நமது பாட்டன்மாருக்கு இரண்டு தலைமுறைக்கு மேலாக, வாய் என்பது உண்பதற்கும் "ஆமாங்க" சொல்வதற்கும் உள்ள உறுப்பு.

மனிதப் பேச்சின் தன்மை என்ன என்று பெரிய பெரிய நூல்கள் இருக்கின்றன. நான் அதற்குள் அதிகம் போகப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆபத்து வந்தால் குரங்கும் கத்தும், காகமும் கத்தும். பெரும்பாலும் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதற்காகத்தான் அவை குரல் எழுப்பும். மனிதன் ஒருவன்தான் முன்னால் இல்லாததைப் பேசுகிறான்: போன மாதச் சம்பளத்தை, அடுத்த வருடத்து வீட்டை, செத்துப்போன அப்பனை. "இப்படி இல்லாமல் வேறு மாதிரி இருந்தால்?" என்று அவனால் கேட்க முடிகிறது. அந்தக் கேள்விக்குத்தான் ஆட்சி செய்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் பயந்தார்கள். 1865-இன் சட்டம் தண்டித்ததும் அதைத்தான். சத்தம் போட்டதற்காக யாரையும் பிடிக்கவில்லை. சத்தம் காமன் கூத்திலும் உண்டு, தப்படியிலும் உண்டு. துரைமார் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்ததும் உண்டு.

வள்ளுவர் அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமே எழுதிவைத்தார். அவைக்குள் நுழையவே அனுமதி இல்லாதவன் எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாமல் இருப்பது என்று அவரிடம் கேட்க ஆசையாக இருக்கிறது.

பேசக் கூடாது என்றால் மனிதன் என்ன செய்வான்? பாடுவான். சி. வி. வேலுப்பிள்ளை பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், 1947-இல் தலவாக்கலைத் தொகுதியில் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். அவர் சேர்த்துத் தந்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் புரட்டிப் பாருங்கள். கங்காணியைத் திட்டுகிற பாட்டு இருக்கிறது, கணக்கப்பிள்ளையைக் கேலி செய்கிற பாட்டு இருக்கிறது. கொழுந்து எடுக்கும்போது பத்துப் பேர் சேர்ந்து பாடினால் யார் சொன்னது என்று கண்டுபிடிக்க முடியாது. கோ. நடேசய்யருக்கும் அவர் துணைவியார் மீனாட்சியம்மாளுக்கும் இந்த வித்தை நன்றாகத் தெரிந்திருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் அய்யர். தொழிற்சங்கக்காரன் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு என்பதால், புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய் வந்தார். அம்மையார் கூட்டங்களில் பாடினார், பாட்டுகளைச் சிறு நூலாக அச்சடித்துக் கொடுத்தார். 1931-இல் அய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்றே சம்மேளனம் அமைத்தார் என்றால், அதற்கு முன்னால் பத்து வருடம் இந்தப் புடவை மூட்டையும் பாட்டும் அச்செழுத்தும் வேலை செய்திருக்கின்றன.

இப்போது ஒரு வழக்குக்கு வருகிறேன். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற வாலிபரின் வழக்கு. இலண்டனில் பிறந்து, அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோய், 1936-இல் இலங்கைக்கு வந்தவர். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழகும் சின்னத்துரை. வந்த இடத்தில் லயங்களைப் பார்த்தார். பார்த்ததைப் பேசத் தொடங்கினார். வேலை போனது. சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3-ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் மேடையேறி, தோட்டத்துரைமார் தொழில் சட்டங்களை எப்படி மீறுகிறார்கள் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொன்னார். ஒவ்வொரு வசனத்துக்கும் தொழிலாளர்கள் "சாமி, சாமி" என்று குரல் கொடுத்தார்கள். இதை எழுதிவைத்திருப்பது துரைமார் தரப்பு. பேச்சு மட்டுமல்ல, அவருடைய முகமும் நின்ற நிலையுமே மிரட்டலாக இருந்தன என்றும் அந்த அறிக்கை முறையிடுகிறது. ஒரு வெள்ளைக்காரன் நின்ற தோரணையைப் பார்த்தே இத்தனை நடுக்கம்!

மூன்று கிழமை ஆகவில்லை. ஏப்ரல் 22-ஆம் திகதி ஆளுநர் ஸ்டப்ஸ், 48 மணி நேரத்தில் நாட்டைவிட்டுப் போ என்று கட்டளை போட்டார். பிரேஸ்கேர்டில் கப்பலேறவில்லை. கட்சிக்காரர்கள் ஒளித்துவைத்தார்கள். மே 5-ஆம் திகதி காலிமுகத்திடலில் பெருங்கூட்டம். பொலிஸ் தேடிக்கொண்டிருந்த ஆள் அந்த மேடையில் வந்து நின்றார். பிறகு கைது, ஆட்கொணர்வு மனு. மே 18-ஆம் திகதி தலைமை நீதியரசர் ஏப்ரஹாம்ஸ் உட்பட மூன்று நீதியரசர்கள் அவரை விடுவித்தார்கள். ஆளுநர் கையிலெடுத்த 1896-ஆம் ஆண்டின் கட்டளை யுத்தம் போன்ற அவசர நிலைக்கு உரியது, ஒருவன் கூட்டத்தில் பேசினான் என்பதற்காக அதைத் தூக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். குடியேற்ற ஆட்சிக் காலத்தில், ஆளுநரின் கையொப்பத்தை ஒரு நீதிமன்றம் கிழித்துப் போட்டது சின்ன விஷயமில்லை.

நான் இந்தக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் பிரேஸ்கேர்டில் இல்லை. "சாமி, சாமி" என்றவர்கள். அவர்களுக்கு ஆட்கொணர்வு மனு போட எவரும் வரவில்லை. அவர்கள் அன்று இரவு எந்தக் கூரைக்குக் கீழே போய்ப் படுத்தார்கள்? துரையின் கூரைக்குக் கீழே.

கொழும்பில் ஒரு குமாஸ்தா முதலாளியோடு வாய்த்தர்க்கப்பட்டால் வேலை போகும். ஆனால் பொழுதுபட்டால் வீட்டுக்குப் போகலாம், பெண்சாதியோடு கலந்து பேசலாம். தோட்டத்தில் எதிர்த்துப் பேசியவனுக்குப் வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தால் வேலையோடு லயத்துக் காம்பராவும் போகும். பிள்ளைக் காம்பராவில் விட்ட குழந்தைக்கு இடமில்லை, மூத்தவனுக்குத் தோட்டப் பள்ளிக்கூடமில்லை, குலதெய்வத்துக்குக் கல் நட்ட இடமும் இல்லை. ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாக்குக்குச் சுதந்திரம் உண்டா இல்லையா என்பதைத் தலைக்கு மேலிருக்கும் கூரை யாருடையது என்பது தீர்மானிக்கிறது. அரசியலமைப்பு அதற்குப் பிறகுதான்.

இது என் கற்பனை அல்ல என்பதற்கு நமது சபரகமுவ மாகாணத்திலேயே சாட்சி உண்டு. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மையர் தோட்டத்தை 1940-களில் அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென்று எடுத்துக்கொண்டது. தொழிலாளர்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் வந்தது. பிறந்து வளர்ந்த இடத்தைவிட்டு எங்கே போவது என்று அவர்கள் அசையவில்லை. குற்றவியல் அத்துமீறல் வழக்கு வந்தது. தோட்டத்துரைக்குத் தொந்தரவு கொடுக்கும் நோக்கத்தோடு தங்கியிருந்தார்களாம்! தன் காம்பராவில் தன் பெண்டு பிள்ளைகளோடு இருந்ததுதான் தொந்தரவு. செல்வநாயகம் என்ற தொழிலாளியின் பெயரில் அந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறி, 1950-இல் முடிந்தது. வீட்டில் தொடர்ந்து இருக்க விரும்புவது வேறு, தொந்தரவு கொடுக்க நினைப்பது வேறு என்று சொல்லி அரச தரப்பின் மேன்முறையீட்டைத் தள்ளினார்கள். பேசாமல் தன் வீட்டில் உட்கார்ந்திருப்பதும் ஒரு பேச்சுத்தான். "நான் போக மாட்டேன்" என்ற பேச்சு.

அந்தத் தீர்ப்பு வரும்போது நமது வாக்கு போய்விட்டது. 1948-இன் குடியுரிமைச் சட்டம், 1949-இன் தேர்தல் திருத்தச் சட்டம் இரண்டும் சேர்ந்து, 1947-இல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஒரு சமூகத்தை வாக்காளர் இடாப்பிலிருந்து துடைத்தன. இதைக் குடியுரிமைப் பறிப்பு என்றுதான் நாம் எப்போதும் சொல்கிறோம். நான் இதைப் பேச்சுப் பறிப்பு என்றும் சொல்வேன். ஐம்பது வருடம் கழித்து உயர் நீதிமன்றமே அதைச் சொல்லிவிட்டது. 1998-இல் ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை அரசாங்கம் ஒத்திவைத்தது. அந்த ஐந்தில் நமது சபரகமுவையும் ஒன்று. பத்திரிகையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1999-இல் வந்த கருணாதிலக்க வழக்குத் தீர்ப்பில், வாக்களிப்பதும் கருத்து வெளியிடும் உரிமையில் அடங்கும் என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதினார். புள்ளடி போடுவது மௌனமாகப் பேசுகிற பேச்சு. அப்படியானால் 1949-இல் நமக்கு என்ன நடந்தது என்பதை அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

அதே நீதியரசர் 1993-இல் இன்னொரு தீர்ப்பும் எழுதியிருக்கிறார். 1992 யூலை 1-ஆம் திகதி நண்பகலில் எதிர்க்கட்சிகள் 'ஜனகோஷா' என்று ஒரு எதிர்ப்பு நடத்தின. கால் மணி நேரம் மணி அடிப்பது, வாகன ஹோர்ன் அடிப்பது, மேளம் கொட்டுவது, சட்டி பானையைத் தட்டுவது. பொலிஸ் ஓரிடத்தில் தடுத்தது. அமரதுங்க என்பவர் உயர் நீதிமன்றம் போனார். வார்த்தையே இல்லாத அந்தச் சத்தமும் அரசியலமைப்பு காக்கிற பேச்சுத்தான் என்று தீர்ப்பாயிற்று. நமது தப்புக் கலைஞர்கள் இந்தத் தீர்ப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

இனி அரசியலமைப்பு. 1978-ஆம் ஆண்டின் அரசியலமைப்பை எடுத்து 10-ஆம் உறுப்புரையையும் 14-ஆம் உறுப்புரையையும் அடுத்தடுத்துப் படியுங்கள். சிந்திக்கும் சுதந்திரம் 'ஒவ்வோர் ஆளுக்கும்' உண்டு. பேசும் சுதந்திரம் 'ஒவ்வொரு பிரசைக்கும்' உண்டு. அதாவது நாடற்றவன் மனதுக்குள் நினைத்துக்கொள்ளலாம். வெளியே சொல்வதற்குப் பிரசாவுரிமைச் சான்றிதழ் வேண்டும். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பங்கு போட்டு, வரிசையில் நின்று காத்திருந்த மக்கள் நாம். நமக்கு என்ன வழி? 14-ஆம் உறுப்புரையில் இரண்டாவது பந்தி ஒன்று இருக்கிறது. வேறெந்த நாட்டின் பிரசையாகவும் இல்லாமல், இங்கே சட்டபூர்வமாக நிரந்தரமாகக் குடியிருக்கும் ஆளுக்கு, அரசியலமைப்பு தொடங்கிய நாளிலிருந்து பத்து வருடத்துக்கு இந்த உரிமைகள் உண்டு.

பத்து வருடம்! தவணை முறையில் பேச்சுச் சுதந்திரம். 1978 செப்ரெம்பரில் தொடங்கி 1988 செப்ரெம்பரில் முடிகிற சுதந்திரம். பேருந்துப் பருவச்சீட்டுக்குத் திகதி போடுவது தெரியும். நாக்குக்குத் திகதி போட்ட ஆவணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தத் தவணை முடிகிற 1988-இல் நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டமும், பிறகு 2003-இல் 35-ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. இந்தப் பந்தி இன்றைக்கு நமக்குத் தேவைப்படவில்லை. இருந்தாலும் பிள்ளைகள் ஒரு தடவை படித்து வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் பேச்சு இல்லாதவர்களைப் பற்றிச் சொன்னேன். பேச்சு அளவுக்கு மீறி இருந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சும் இந்த ஊர் வரை வந்தது.

1981 யூலையில் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கத்தின் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எழுந்து, சிங்கள மன்னர் காலத்துத் தண்டனைகளை நினைவூட்டினார்கள். இரண்டு கமுக மரங்களை வளைத்து, காலுக்கொன்றாகக் கட்டி விட்டுவிட வேண்டும் என்றது ஒரு யோசனை. காலிமுகத்திடலில் நிறுத்திச் சுட வேண்டும் என்றது இன்னொன்று. இவற்றையெல்லாம் தொகுத்துச் சொல்லி, மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள் என்று பேசியவர் நமது இரத்தினபுரித் தொகுதியின் உறுப்பினர். எல்லாம் ஹன்சாட்டில் அச்சாகியிருக்கிறது. அடுத்த மாதம், ஆகஸ்ட்டில், இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் அடி விழுந்தது. கஹவத்தையும் தப்பவில்லை. லயங்கள் எரிந்தன, காட்டில் ஒளிந்தார்கள், கையில் அகப்பட்டதோடு வவுனியாப் பக்கம் போனவர்கள் திரும்பவே இல்லை. இந்த அரங்கில் வயதானவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பேச்சுத்தான் இந்த நெருப்பை வைத்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. சட்டம் அதற்கு இடமும் தராது. சபைக்குள் பேசியதற்காக எந்த உறுப்பினர் மீதும் வழக்குப் போட முடியாது என்பது பாராளுமன்றச் சிறப்புரிமை. பல நாடுகளில் அப்படித்தான், அது தேவையும்கூட. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நாட்டிலேயே அதிகப் பேச்சுச் சுதந்திரம் உள்ள ஆசனத்திலிருந்து, நாட்டிலேயே குறைந்த பேச்சுச் சுதந்திரம் உள்ள மக்களின் தலைக்கு மேல் அந்தச் சொற்கள் வந்து விழுந்தன. பதில் சொல்ல நம்மில் பலருக்கு அப்போது வாக்கு இல்லை.

அதனால்தான் சிலர் கேட்கிறார்கள்: வெறுப்புப் பேச்சைத் தடுக்கக் கடுமையான சட்டம் வேண்டாமா? வேண்டும் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றும். ஆனால் அப்படி வந்த சட்டம் யார் மீது பாய்ந்தது என்று பாருங்கள். இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 2007-இன் 56-ஆம் இலக்கச் சட்டத்தில், 2019-இல் ஒரு சிறுகதைக்காக உள்ளே போனவர் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார. மன்னார்ப் பக்கத்து இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை முன்வைத்து 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு, 2021 டிசெம்பர் வரை தடுப்பில் இருந்தார். கூட்டத்தைத் திரட்டிக் கடைகளை எரிக்க வைத்த மேடைப் பேச்சாளர்கள் பலர் வெளியே தேநீர் குடித்தார்கள். இந்த நாட்டில் பேச்சைத் தடுக்கும் கத்தியை யார் கையில் கொடுத்தாலும் அது முதலில் கவிஞனின் விரலைத்தான் வெட்டுகிறது. ஆகவே புதிய தடைச் சட்டம் கேட்பவர்களோடு நான் சேர மாட்டேன். அடிக்கத் தூண்டியவனையும் அடித்தவனையும் தண்டிக்கப் பழைய தண்டனைச் சட்டக் கோவையே போதும். அதைப் பாவிக்கும் துணிவுதான் இல்லை.

சரி, இன்றைய நிலைமைக்கு வருவோம். சான்றிதழ் இருக்கிறது, வாக்கு இருக்கிறது, 1987-இலிருந்து தமிழும் அரசகரும மொழி. பேச்சு வந்துவிட்டதா?

அண்மையில் ஒரு கொழுந்து மடுவத்தில் நின்றுகொண்டிருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பின்னேர நிறுவை. ஒரு அக்கா கூடையைத் தராசில் வைத்தார். முள் நின்ற இடத்துக்கும் புத்தகத்தில் எழுதியதற்கும் நாலு கிலோ வித்தியாசம். தண்ணிக்கு, சாக்குக்கு, முற்றின இலைக்கு என்று கழிவு. "ஈரமே இல்லாத வெயில்ல தண்ணிக் கழிவு ஏதுங்கய்யா?" என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "ரொம்பப் பேசுனா நாளைக்கு மேல்மலதான்" என்றார். மேல்மலை என்றால் செங்குத்து, புல்லு, அட்டை, கொழுந்தும் குறைவு. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1865-இன் சட்டத்திலிருந்த மறியல் தண்டனை போய் நூறு வருடமாகிறது. மறியலுக்குப் பதிலாக மேல்மலை.

இன்னொன்று, பொலிஸ் நிலையம். சபரகமுவத் தோட்டத்துப் பிள்ளைகள் சிங்களம் பேசுவதில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. பேசுவதும் வாசிப்பதும் ஒன்றல்ல. முறைப்பாட்டை நாம் வாயால் சொல்கிறோம், அவர் சிங்களத்தில் எழுதுகிறார், "அத்சன" என்கிறார், கையொப்பம் வைக்கிறோம். எழுதியது நாம் சொன்னதுதானா என்று நமக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் அந்தத் தாளை நீட்டி "இது நீ சொன்னதுதானே?" என்பார்கள். நம் பேச்சே நமக்கு எதிர்ச்சாட்சி. கடிதமும் அப்படித்தான். லயத்துக்குத் தனி இலக்கமில்லாத தோட்டங்களில் வங்கிக் கடிதமும் நீதிமன்ற அழைப்பாணையும் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வரவேண்டும். காணியும் வீட்டு இலக்கமும் கேட்பதைச் சிலர் வெறும் வசதிக் கோரிக்கையாக நினைக்கிறார்கள். ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கையில் இருந்திருந்தால் அந்த அக்கா அடுத்த கேள்வியையும் கேட்டிருப்பார்.

நம்பிக்கை இல்லாமல் இல்லை. 2018 ஒக்டோபர் 24-ஆம் திகதி காலிமுகத்திடலில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டுக் கறுப்புச் சட்டையோடு கூடிய இளைஞர்களை எந்தத் தலைவரும் லொறியில் ஏற்றிப் போகவில்லை. கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற நமது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பிக் கூடினார்கள். அவர்களால் ஏன் முடிந்தது? அவர்கள் அன்றிரவு படுக்கப் போன அறை தோட்டத்துக்குச் சொந்தமானது இல்லை.

தலைவர்மார்கள் கோபிக்கக் கூடாது, ஒன்று சொல்கிறேன். நம் கூட்டங்களில் சந்தாக் கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மைக்கைப் பிடிக்கிறவர்கள் எல்லாம் ஆண்கள். மாதர் சங்கத் தலைவி நன்றியுரைக்கு மட்டும் வருகிறார். துரை நமக்குச் செய்ததை நாம் வீட்டுக்குள் செய்துகொண்டு துரையைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

முடிக்கிறேன். உங்களிடம் நான் கேட்பவை இவைதான். பொலிஸ் நிலையத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வைக்காதீர்கள்; தமிழில் முறைப்பாடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. நிறுவைக் கழிவு எந்தக் கணக்கில் எடுக்கப்படுகிறது என்று தனியே கேட்காதீர்கள், பத்துப் பேர் கையொப்பமிட்டுச் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் லயத்துக்குரிய காணி யார் பெயரில் இருக்கிறது, வீட்டு உறுதி ஏன் வரவில்லை என்று 2016-இன் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம். பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க, இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.